ஸ்பிரிங் இல்லாத வண்டிக்கு முதுகுதான் ஸ்பிரிங்கா?

"என் மகன் போர்க்லிப்ட் ஓட்டுறான்" என்று சொல்லும்போது நம் தோட்டத்துத் தாய்மார்கள் முகத்தில் ஒரு பூரிப்பு தெரியும். பெருமைப்பட வேண்டிய வேலைதான், சந்தேகமில்லை. அப்பா காலத்தில் காண்டாக் கம்பும் பால்வாளியும் தோளில் ஏறின. மகன் காலத்தில் மகன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியை அசைத்தே இரண்டு மூன்று டன் பாரத்தைத் தூக்கி அடுக்குகிறான். மூவார் வட்டாரத்தில் பக்ரி, புக்கிட் பாசீர் பக்கம் மேசை நாற்காலித் தொழிற்சாலைகள் பெருகிய பிறகு, தோட்டத்தை விட்டு வெளியேறிய எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த வேலைதான் அடுப்பில் உலை வைத்தது.

ஆனால் அந்தப் பூரிப்புக்குப் பின்னாலேயே இன்னொரு பேச்சும் வருகிறது. "ராத்திரியில இடுப்பு தாங்கலம்மா, கொஞ்சம் எண்ணெய் போட்டு நீவி விடு." முப்பது வயது நிரம்பாத பிள்ளை, அறுபது வயதுக் கிழவனைப் போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறான். கேட்டால், "வண்டியில ஸ்பிரிங் இல்ல, தூக்கித் தூக்கிப் போடுது" என்கிறான்.

இந்த ஒரு வாக்கியத்தை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வண்டியில் ஸ்பிரிங் இல்லை என்பது உண்மை. அது வண்டி செய்தவனின் கஞ்சத்தனம் அல்ல என்பதும் உண்மை. ஆனால் "ஸ்பிரிங் இல்லாத வண்டி அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு ஓட்டு" என்று முதலாளி தரப்பு சொல்வது மட்டும் உண்மை அல்ல. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால், எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்பது தானாக விளங்கும்.

காண்டாக் கம்பு சொன்ன பாடம்

பால்மரம் வெட்டிய மூத்தவர்களுக்கு ஸ்பிரிங் என்றால் என்னவென்று யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் பால்வாளி தொங்க, காண்டாக் கம்பைத் தோளில் போட்டு நடந்தவர்கள் அவர்கள். கம்பு சற்று வளைந்து கொடுத்தால் தோள் பிழைத்தது. வளையாத முரட்டுக் கட்டையைத் தூக்கினால் ஒவ்வொரு அடிக்கும் தோளில் 'நங்' என்று இறங்கியது. அடியைத் தான் வாங்கிக்கொண்டு, அதை மெதுவாக்கி மனிதனிடம் கொடுப்பதுதான் ஸ்பிரிங்கின் வேலை. லோரிக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்கும் இரும்புப் பட்டையும் அதைத்தான் செய்கிறது. மோட்டார் சைக்கிளின் அப்சோபர் செய்வதும் அதே வேலைதான்.

அப்படியிருக்க, இத்தனை டன் தூக்கும் போர்க்லிப்டில் மட்டும் அது ஏன் இல்லை? காடு மேடு எல்லாம் போகும் டிராக்டரின் பின் சக்கரத்தில் ஏன் இல்லை?

வண்டிக்கு மூன்று கால்

போர்க்லிப்டுக்கு நான்கு சக்கரம் இருக்கிறது. ஆனால் அது நிற்பது மூன்று காலில்தான். முன்பக்கத்து அச்சு, சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும். தூக்குக் கம்பமும் பாரமும் நிற்பது அதன் மேல்தான். பின்பக்கத்து அச்சு, அதாவது வளைத்து ஓட்டும் சக்கரங்கள் இருக்கும் அச்சு, நடுவில் ஒரே ஓர் ஆணியில் தொங்குகிறது. தராசுத் தண்டு போல அது இரண்டு பக்கமும் ஏறி இறங்கும். தரை கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தாலும் நான்கு சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

ஆகவே முன் சக்கரம் இரண்டு, பின்னால் அந்த நடு ஆணி ஒன்று, இந்த மூன்று புள்ளிகளையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த எடையின் நடுப்புள்ளி அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். வெளியே போன நொடியில் கவிழும். முக்காலியில் உட்கார்ந்து ஒரு மூலைப் பக்கம் சாய்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

பாரம் தரையோடு இருக்கும்போது ஆபத்து குறைவு. உயரே தூக்கத் தூக்க அந்த நடுப்புள்ளியும் மேலே ஏறுகிறது. தரையில் வைத்த குடத்தைத் தட்டினால் லேசாக ஆடி நிற்கும். தலைமேல் இருக்கும் குடத்தைத் தட்டினால்?

ஓர் அங்குலம் நான்கு அங்குலமாகும் கணக்கு

இப்போது இந்த வண்டிக்கு லோரியைப் போல ஸ்பிரிங் போட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். முன் சக்கரம் இரண்டுக்கும் இடையே 3 அடி. பாரத்தை 12 அடி உயரத்துக்குத் தூக்கி அடுக்கப் போகிறோம். பாரம் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்து, அந்தப் பக்கத்து ஸ்பிரிங் ஓர் அங்குலம் அமுங்குகிறது. கீழே ஓர் அங்குலம்தான். ஆனால் 12 அடி உயரத்தில் பாரம் 4 அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். 3 அடிக்கு ஓர் அங்குலம் என்றால் 12 அடிக்கு 4 அங்குலம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போடும் கணக்கு இது.

4 அங்குலம் நகர்ந்த பாரம் அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கை இன்னும் அமுக்கும். அமுங்க அமுங்க இன்னும் சாயும். இப்படி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போய்க் கடைசியில் வண்டியே குப்புற விழும். இதனால்தான் பாரத்தை உயரே தூக்கும் வண்டிக்குச் சக்கரத்தில் ஸ்பிரிங் வைப்பதில்லை. பழைய லோரியின் பட்டையைக் கழற்றிப் போர்க்லிப்டுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று பட்டறையில் யாராவது யோசனை சொன்னால், அதைவிடக் கொடிய யோசனை வேறு கிடையாது. பின்பக்கத்தில் கூடுதலாக இரும்பைக் கட்டுவதும், இரண்டு ஆட்களை ஏற்றி நிறுத்திக் "கனம் கொடு" என்பதும் அதே ரகம்தான். வண்டி கவிழ்வது சிறிய விஷயம் அல்ல. அமெரிக்காவில் 1980 முதல் 1994 வரை போர்க்லிப்ட் விபத்துகளில் இறந்த 1,021 பேரில் 22 விழுக்காட்டினர் வண்டி கவிழ்ந்து இறந்தவர்கள் என்று அந்நாட்டுத் தொழில் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் கணக்குக் காட்டியது.

இதுவரை முதலாளி தரப்பு நம்மோடு தலையாட்டும். "அதுதானே சொல்கிறோம், இந்த வண்டிக்கு ஸ்பிரிங் கூடாது" என்பார்கள்.

நல்லது. அதே கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம். ஸ்பிரிங் அமுங்கவில்லை, ஆனால் ஒரு பக்கத்துச் சக்கரம் தரையில் ஓர் அங்குலக் குழியில் இறங்குகிறது. மேலே பாரம் எவ்வளவு நகரும்? அதே 4 அங்குலம். வண்டிக்கு ஸ்பிரிங் வேண்டாம் என்று சொன்ன அதே கணக்கு, தரையில் குழியும் வேண்டாம் என்று சொல்கிறது. முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை மறந்துவிட முடியாது. ஸ்பிரிங் இல்லாத வண்டி, சமமான தரைக்கென்று செய்யப்பட்ட வண்டி. அந்த வண்டியை விலை கொடுத்து வாங்கியவன், அதற்கேற்ற தரையைப் போட்டுக் கொடுக்கும் கடமையையும் சேர்த்தே வாங்கியிருக்கிறான். இதுதான் இன்று நாம் சொல்ல வந்தது.

அடி எங்கே போகிறது?

சிமெண்ட் உடைந்த வாசல், மழைநீர் ஓட மூடி போட்ட கால்வாய், கொட்டகைக்கும் முற்றத்துக்கும் இடையில் இருக்கும் படி, லோரி ஏறி ஏறிப் பள்ளமான சரளைத் தரை. இவற்றின் மேல் சக்கரம் ஏறி இறங்கும்போது உண்டாகும் அடி எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? லோரியாக இருந்தால் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். இங்கே அது டயருக்குப் போகிறது. காற்று டயர் கொஞ்சம் வாங்கும். கட்டி டயர் மிகக் குறைவாகவே வாங்கும். தேய்ந்து போன கட்டி டயர் ஒன்றும் வாங்காது. அங்கிருந்து சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து சீட்டுக்கு. சீட்டும் கிழிந்து பஞ்சு போய்ப் பலகையாக இருந்தால், அங்கிருந்து நேரே ஓட்டுபவனின் முதுகெலும்புக்கு.

முதுகெலும்பின் கணுக்களுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. கடவுள் போட்ட ஸ்பிரிங் அதுதான். உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடம்பு, வினாடிக்கு 4 முதல் 6 முறை வரை ஆட்டும் அதிர்வுக்கு மிக அதிகமாகக் குலுங்கும். ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்றாற்போல் தள்ளினால் எப்படிச் சிறு தள்ளலுக்கே பெரிதாக ஆடுகிறதோ, அப்படி. கரடுமுரடான தரையில் ஓடும் இவ்வகை வண்டிகளின் ஆட்டம் பெரும்பாலும் இந்த வரிசையை ஒட்டியே வருவதுதான் நம் துரதிர்ஷ்டம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. உயரமான பாரம் முன்னால் மறைத்தால், வண்டியைப் பின்னோக்கித்தான் ஓட்ட வேண்டும். அதற்காக ஓட்டுபவன் இடுப்பையும் கழுத்தையும் முறுக்கித் திரும்பியபடி உட்காருகிறான். நேராக உட்கார்ந்து வாங்கும் அடி ஒரு பங்கு என்றால், முறுக்கிய இடுப்பில் வாங்கும் அடி அதைவிடக் கொடியது. துணியைப் பிழியும்போது யாராவது அதன்மேல் அடித்தால் எப்படி இருக்கும், அப்படி.

"வலி எல்லாருக்கும்தான் வருது, வண்டியாலதான் வந்ததுன்னு எப்படிச் சொல்றது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முதுகுவலிக்குப் பல காரணம் உண்டு. ஆனால் வண்டியின் அதிர்வு கண்ணுக்குத் தெரியாத மாயம் அல்ல, சீட்டில் கருவி வைத்து அளக்கக் கூடியது. ஐரோப்பிய நாடுகள் 2002-ஆம் ஆண்டிலேயே இதற்கு விதி கொண்டுவந்துவிட்டன. 8 மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட அதிர்வு, வினாடிக்கு வினாடி 0.5 மீட்டர் என்ற அளவைத் தாண்டினால் முதலாளி அதைக் குறைக்க நடவடிக்கை எடுத்தாக வேண்டும். 1.15-ஐத் தாண்டவே கூடாது. அங்கே இருக்கிறவனுக்கு இருக்கும் அதே முதுகெலும்புதான் மூவாரில் இருப்பவனுக்கும் இருக்கிறது.

தோட்டத்திலும் இதே கதைதான்

தொழிற்சாலைக்குப் போகாமல் தோட்டத்திலேயே இருப்பவர்கள், "இது நமக்கில்லை" என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

செம்பனைத் தோட்டங்களில் குலை தூக்கும் கை வைத்த சிறு டிராக்டர்கள் ஓடுகின்றன. முன்பு தலையிலும் தள்ளுவண்டியிலும் போன குலையை, அந்த இரும்புக் கை கவ்வி எடுத்துத் தொட்டியில் போடுகிறது. பெரும்பாலான டிராக்டர்களின் பின் அச்சு சட்டத்தோடு முடுக்கப்பட்டது. முன் அச்சு நடு ஆணியில் ஆடுவது. போர்க்லிப்டைத் திருப்பி வைத்தது போல, இதுவும் மூன்று கால் வண்டிதான். வித்தியாசம் என்னவென்றால், போர்க்லிப்டுக்காவது பாதிச் சிமெண்ட் தரை கிடைக்கிறது. டிராக்டருக்கு வாய்த்தது வேர் புடைத்த பாதை, வெட்டிப் போட்ட மட்டை, மழையில் கரைந்த செம்மண் சரிவு. ஒரு பக்கச் சக்கரம் மேட்டில், மறுபக்கம் பள்ளத்தில் இருக்கும்போது குலையைக் கவ்விய கையைப் பள்ளத்துப் பக்கமாக நீட்டினால் என்ன நடக்கும் என்பதை மேலே போட்ட கணக்கே சொல்லிவிடும்.

ஆலையில் குலையை வாரிக் குவிக்கும் பெரிய லோடர் வண்டியின் கதை கொஞ்சம் வேறு. அதன் சக்கரத்திலும் ஸ்பிரிங் இருக்காது. ஆனால் அவ்வகை வண்டிகள் பலவற்றில், வாரியைத் தூக்கும் எண்ணெய்க் குழாயோடு நைட்ரஜன் வாயு அடைத்த ஒரு குடுவையை இணைத்திருக்கிறார்கள். வண்டி ஓடும்போது வாரியும் அதிலுள்ள பாரமும் அந்த வாயுவின் மேல் மிதந்து, குலுங்கலைத் தணிக்கும். வாரும் நேரத்தில் அது விலகிக்கொள்ளும். பெரிய நடமாடும் கிரேன்களில் சக்கரத்துக்கே எண்ணெயும் வாயுவும் சேர்ந்த ஸ்பிரிங் உண்டு. பாரம் தூக்குமுன் பக்கவாட்டுக் கால்களை ஊன்றி, வண்டியைச் சக்கரத்தின் பொறுப்பிலிருந்தே விடுவித்துவிடுவார்கள். 1990-களின் இறுதியில் டொயோட்டா நிறுவனம், பாரம் உயரே இருக்கும்போது வண்டி சாயப் போவதை உணர்ந்து ஆடும் பின் அச்சைப் பூட்டிவிடும் கருவியைத் தன் போர்க்லிப்டுகளில் கொண்டுவந்தது. அதே பத்தாண்டின் தொடக்கத்தில், முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த டிராக்டரை இங்கிலாந்தின் ஜேசிபி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது.

இதையெல்லாம் சொல்வது, நாளைக்கே தோட்டத்துக்குப் புது வண்டி வாங்கித் தாருங்கள் என்று கொடி பிடிக்க அல்ல. "ஒன்றும் செய்ய முடியாது" என்ற பேச்சு அறிவாளியின் பேச்சு அல்ல என்று காட்டத்தான். ஓடும்போது மென்மை, தூக்கும்போது உறுதி, இரண்டையும் சேர்க்க வழி கண்டுபிடித்து உலகம் எங்கேயோ போய்விட்டது.

கேட்க வேண்டியது என்ன?

வண்டிக்கு ஸ்பிரிங் போடு என்று கேட்காதீர்கள். கேட்டால் எஞ்சினியர் சிரிப்பார், அவர் சிரிப்பதும் நியாயமே. நாம் கேட்க வேண்டியது ஐந்து.

முதலாவது, தரை. குழியை அடைக்க ஒரு மூட்டை சிமெண்டும் அரை நாள் கூலியும் போதும். கால்வாய் மூடியைச் சமமாக்க ஓர் இரும்புத் தகடு போதும். ஐந்திலும் மலிவானது இதுதான், பலன் அதிகம் தருவதும் இதுதான். தோட்டத்தில் என்றால் டிராக்டர் பாதையைச் சீர் செய்வது, மட்டையைப் பாதையில் போடாமல் வரிசையில் அடுக்குவது.

இரண்டாவது, சீட்டு. சக்கரத்தில் வைக்க முடியாத ஸ்பிரிங்கை வைக்கக் கூடிய இடம் இதுதான். அடியில் ஸ்பிரிங்கும் அதை அடக்கும் அப்சோபரும் வைத்த சீட்டுகள் இருக்கின்றன. ஓட்டுபவனின் எடைக்கு ஏற்ப அதைத் திருகி வைக்க வேண்டும். 90 கிலோ ஆளுக்குத் திருகிய சீட்டில் 55 கிலோ தம்பி உட்கார்ந்தால் அது கட்டையாக நிற்கும். 55-க்குத் திருகியதில் 90 உட்கார்ந்தால் ஒவ்வொரு குழிக்கும் அடியில் போய் இடிக்கும். சில வண்டிகளில் சீட்டு நல்ல சீட்டுதான், அதைத் திருகலாம் என்று சொல்லிக் கொடுத்த ஆள்தான் இல்லை. வேலை மாறி உட்காரும் ஒவ்வொருவரும் முதலில் செய்ய வேண்டியது அது.

மூன்றாவது, டயர். தேய்ந்ததை மாற்ற வேண்டும். வெளி முற்றத்தில் ஓடும் வண்டிக்கும் கொட்டகைக்குள் ஓடும் வண்டிக்கும் ஒரே ரக டயர் பொருந்தாது. கொட்டகைக்கென்று வந்த கட்டி டயர் வண்டியைச் சரளைக் கல்லில் ஓட்டச் சொல்வது, செருப்பில்லாமல் முள்ளுக்குள் நடக்கச் சொல்வது போலத்தான்.

நான்காவது, வேகம். அடியின் கொடுமை வேகத்தோடு சேர்ந்து ஏறும். நடை வேகத்தில் ஏறி இறங்கும் குழியும், விரட்டிக்கொண்டு வந்து விழும் குழியும் ஒன்றல்ல.

ஐந்தாவது, நேரம். ஒருவனே காலை முதல் இரவு ஓவர்டைம் வரை அதே சீட்டில் உட்காரக் கூடாது. இரண்டு பேர் இருந்தால் மாற்றி மாற்றி ஓட்டட்டும். நடுவில் இறங்கிச் சற்று நடக்கட்டும். இறங்கியவுடன் குனிந்து கனமான பலகையைத் தூக்க வேண்டாம். நெடுநேரம் குலுங்கிய முதுகு உடனே பாரம் தாங்காது.

நம் பக்கத்துக் குறை

முதலாளியை மட்டும் குற்றம் சொல்லி முடித்தால் இந்தப் பக்கம் நேர்மையான பக்கம் ஆகாது.

எத்தனை லோட் ஏற்றினாய் என்று பார்த்துக் கூடுதல் காசு கொடுக்கும் இடத்தில், வேகத்தைக் குறை என்று சொன்னால் முதலில் முறைப்பவன் நம் பிள்ளைதான். "குறைச்சா சம்பளம் குறையும் அண்ணே" என்பான். இதனால்தான் வேகத்தையும் சம்பளத்தையும் தனித்தனியாகப் பேச முடியாது. லோட் கணக்கில் காசு கொடுத்துக்கொண்டே "மெதுவாக ஓட்டு" என்று சுவரில் எழுதி ஒட்டுவது, பசித்தவன் முன்னால் சோற்றை வைத்துவிட்டு விரதம் இரு என்று சொல்வதற்குச் சமம். சங்கம் பேச வேண்டிய இடம் இது.

இன்னொன்று, இடுப்புப் பட்டி. வெறும் குலுக்கல்தானே என்று அதைச் சீட்டுக்குப் பின்னால் சொருகிவிடுகிறார்கள். உட்கார்ந்து ஓட்டும் போர்க்லிப்ட் சாயும்போது மனசு "குதி" என்றுதான் சொல்லும். குதித்தவன் மேல்தான் தலைக்கு மேலுள்ள இரும்புக் கூண்டு வந்து விழுகிறது. சாயும்போது வண்டிக்குள்ளேயே இருந்து, சுக்கானை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, விழும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாகச் சாய்ந்துகொள்வதே பிழைக்கும் வழி. பட்டி போட்டிருந்தால்தான் அது முடியும்.

பாரத் தகட்டைப் படிக்காமல் தூக்குவதும் நம் பழக்கமாகிவிட்டது. வண்டியில் அடித்திருக்கும் தகட்டில் எத்தனை கிலோ என்பதோடு, எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் என்பதும் இருக்கும். 2,500 கிலோ என்று எழுதியிருந்தால் எந்த உயரத்திலும் 2,500 என்று பொருள் அல்ல. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பது நம் பெரியவர்கள் எப்போதோ சொல்லிவைத்த புத்திதானே.

சட்டம் நம் கையில் இருக்கிறதா?

இருக்கிறது. எடுத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலைக் கருவியும் வேலை செய்யும் முறையும் இயன்றவரை பாதுகாப்பாக இருக்கச் செய்வது முதலாளியின் கடமை என்கிறது. 2022-ல் அது திருத்தப்பட்டு, திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. கடமை தவறும் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்தது. வேலையிடத்து ஆபத்துகளை மதிப்பிட்டுப் பார்ப்பது கட்டாயமாயிற்று. 5 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை நியமித்தாக வேண்டும். 40 பேரும் அதற்கு மேலும் இருந்தால் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்பது முன்பே உள்ள விதி. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையையும் திருத்தம் தொழிலாளிக்குக் கொடுத்திருக்கிறது. பாதுகாப்பைப் பற்றிப் புகார் செய்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதும் சட்டத்தில் உண்டு.

அந்தப் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் சார்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் பெயர்ப் பட்டியல் சுவரில் தொங்கும், பெயருக்குரியவரோ கூட்டத்தில் வாயைத் திறந்திருக்க மாட்டார். அடுத்த கூட்டத்தில் போர்க்லிப்ட் ஓட்டுபவர் ஒருவர் எழுந்து, "மூன்றாம் வாசல் பக்கம் குழி இருக்கிறது, இன்ன தேதியில் சொன்னேன், இன்னும் அடைக்கவில்லை" என்று குறிப்பில் எழுதச் சொல்லட்டும். பேச்சு காற்றோடு போகும், குறிப்பு கோப்பில் நிற்கும். தோட்டத்தில் இருப்பவர்கள் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவரிடம் இதையே எழுத்தில் கொடுக்கலாம்.

1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த சொக்சோவும் இருக்கிறது. வேலையில் விபத்து நடந்தால் முதலாளி தனக்குத் தகவல் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும். குழியில் விழுந்த வண்டி தூக்கிப்போட்டு இடுப்பு பிடித்துக்கொண்டால் அதுவும் விபத்துதான். அன்றைக்கே சொல்லாமல், ஒரு மாதம் கழித்து "அப்போவே வலிச்சது" என்றால் யார் நம்புவார்கள்? இன்னொரு விஷயம், 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். பக்கத்து வண்டியில் உட்கார்ந்திருக்கும் வங்காளதேசத்துத் தம்பிக்கும் நேபாளத்துத் தம்பிக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். அவன் பயந்து வாயை மூடிக்கொண்டு ஓட்டினால், "அவன் ஓட்டுறானே, உனக்கு மட்டும் என்ன?" என்ற கேள்வி நம் பிள்ளையிடம்தான் வரும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்

தாய்மார்களே, மகன் இடுப்பு வலிக்கிறது என்றால் எண்ணெய் போட்டு நீவி விடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டு நாட்காட்டியில் அந்தத் தேதியில் ஒரு கோடு போடுங்கள். அன்று எத்தனை மணி நேரம் ஓட்டினான், எந்த வண்டி என்று கேட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். கிளினிக்குக்குப் போனால், "என்ன வேலை செய்கிறாய்?" என்று டாக்டர் கேட்கக் காத்திராமல், "போர்க்லிப்ட் ஓட்டுறேன், இத்தனை வருஷமா, நாளைக்கு இத்தனை மணி நேரம்" என்று சொல்லச் சொல்லுங்கள். அது டாக்டரின் அட்டையில் ஏற வேண்டும். காலில் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற வலி இறங்குதல் என்றால் நாள் கடத்தவே கூடாது. வலி முற்றி, சொக்சோ வாசலில் போய் நிற்கும் நாளில் கண்ணீரைவிட அந்த நாட்காட்டிக் கோடுகளுக்கு மதிப்பு அதிகம்.

நம் முன்னோர் நட்டு வளர்த்து, ஏறக்குறைய 25 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரம்தான், அறுத்துப் பதப்படுத்தப்பட்டு இன்று நாற்காலியாகவும் கட்டிலாகவும் கடல் கடந்து போகிறது. மலேசியத் தளவாட ஏற்றுமதியில் மூவாருக்கு இருக்கும் பெயர் அந்த மரத்தால் வந்த பெயர். வெளிநாட்டில் எவனோ முதுகு சாய்த்து உட்காரப் போகும் நாற்காலி அது. அதை அடுக்கி ஏற்றி அனுப்பும் நம் பிள்ளையின் முதுகு அதற்கு விலையாகக் கூடாது.

வண்டிக்கு ஸ்பிரிங் இல்லாமல் இருக்கலாம், அதற்குக் காரணம் இருக்கிறது. தரையில் குழி இருப்பதற்கும் சீட்டு கிழிந்து கிடப்பதற்கும் ஒரு காரணமும் இல்லை. நாளைக் காலை வேலைக்குப் போகும்போது முதலில் சீட்டைப் பாருங்கள், பிறகு தரையைப் பாருங்கள், பார்த்ததை எழுதிக் கொடுங்கள்.